வானத்துக்குத் துவக்கு நீட்டிய கதை

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டின காய்ச்சல் துவக்கு வீட்டில் சும்மா கிடந்தது. ஒருநாள் அதை வானத்துக்குப் பிடித்தேன். 'லோ' என்று மட்டும் காட்டியது. உடம்புச் சூட்டுக்குக் கீழே அதுக்குக் கணக்குத் தெரியாது. பிறகு கிளிநொச்சிக் கடையொன்றில் மோட்டர் திருத்துகிறவர்கள் பாவிக்கும் வகையை வாங்கினேன். அது சய 50, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை வரை இறங்கும்.

முதல் இரவு சோம்பலில் யன்னலுக்குள்ளால் பிடித்தேன். 27 பாகை! சந்தோஷப்பட்டுக் கொப்பியிலும் எழுதிவிட்டேன். அது கண்ணாடியின் சூடு. இந்தக் கருவி பார்க்கும் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான செந்நிறக்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர், கண்ணாடியைத் தாண்டாது. 1859இல் ஜோன் டின்டல் என்ற விஞ்ஞானி, வாயுக்கள் வெப்பக் கதிரை எவ்வளவு மறிக்கின்றன என்று குழாயில் அடைத்து அளந்தபோது, இரண்டு முனையையும் அந்தக் கதிரை விடுகிற பாறையுப்புத் தகட்டால் மூடியதும் இதனால்தான்.

கருவியின் சிவப்புப் புள்ளி குறிபார்க்க மட்டும். அளப்பதற்கென்று அது எதையும் மேலே அனுப்புவதில்லை, வருவதை வாங்குகிறது. இந்த அலைநீளங்களில் காற்று பெரும்பாலும் திறந்த கதவு. நீராவிதான் கொஞ்சம் மறிக்கும், மறிப்பது தானும் கதிரை வீசும். உச்சியில் சய 3 காட்டிய இரவில், உச்சியிலிருந்து 60 பாகை சாய்த்ததும் பூச்சியத்துக்கு மேலே 5 ஆனது. அந்தச் சாய்வில் காற்றின் தடிப்பு இரண்டு மடங்கு. பனைக்கு மேலாக, அடிவானத்துக்குக் கிட்ட, 17. கையில் வைத்திருந்தால் கருவியே சூடாகி இலக்கம் ஓடும். அளக்க முன் 20 நிமிடம் வெளியே வைப்பேன்.

நல்ல பாடம் மாமாவின் களத்தில் கிடைத்தது. மாசி மாதம், நெல்லுக்கு மேல் படங்கு விரித்திருந்தார். காற்று 23, படங்கின் மேற்பரப்பு 20. தொட்டால் கை நனைந்தது. அடுத்த இரவு மேகம். உச்சி 14க்கு ஏறிவிட்டது, படங்கு 22, காய்ந்தபடி. படங்கின் சூடு மேலே போகிற கதவை மேகம் சாத்தி, கீழே தானும் கதிர் வீசுகிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"மப்பு எண்டா பனி கொட்டாது. இதுக்கு ஒரு துவக்கோ?" என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, "உதில மழை வருமோ எண்டு பார் தம்பி, விடிய நெல்லுக் காயப்போட வேணும்."

அது இதில் தெரியாது மாமா என்றேன். படங்கை இழுத்து மூடிவிட்டுப் படுக்கப் போனார்.