பையில் தைத்திருந்த சின்னம்

குடும்பத்தோடு முதன்முதலாக வெளிநாடு போனபோது, யூனிட்டுக்குக் கொண்டுபோகும் முதுகுப்பையையே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அதன் ஓரத்தில் எங்கள் படைப்பிரிவின் சின்னம் தைத்திருந்தது. விமானம் மாறக் காத்திருந்த இடத்தில், பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிரிவு, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று அன்பாக விசாரித்தார். நானும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். யூனிட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று அவர் கேட்டபோது, "ஏங்க, பையனுக்குத் தண்ணி வாங்கணும், வாங்க" என்று மனைவி என்னை எழுப்பிக் கூட்டிப்போனாள். அவர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றிரவே ஓட்டல் அறையில் உட்கார்ந்து, நகவெட்டியால் அந்தத் தையலைப் பிரித்தேன்.

1985 ஜூனில் ஏதென்சிலிருந்து ரோமுக்குப் புறப்பட்ட அமெரிக்க நிறுவனமான டி.டபிள்யூ.ஏ.வின் 847 விமானம் கடத்தப்பட்டது. அதில் பயணம் செய்த அமெரிக்கக் கடற்படை வீரர் ராபர்ட் ஸ்டெதமை, ராணுவத்துக்காரர் என்பதற்காகவே அடித்துச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 23. அடுத்த வருடம் ஏப்ரலில் மேற்கு பெர்லினில் லா பெல் என்ற நடனக் கூடத்தில் குண்டு வெடித்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் வழக்கமாகக் கூடும் இடம் அது. அதனால்தான் வெளியூரில் 'நம்ம ஆட்கள் எல்லாம் இங்கேதான் வருவார்கள்' என்று யாராவது ஓர் இடத்தைக் காட்டினால், நான் அந்தப் பக்கமே போவதில்லை.

இப்போது கைக்கடிகாரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓடும் பாதையைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், சிப்பாய்கள் ஓடிய பாதைகள் சிரியா, ஆப்கானிஸ்தான் முகாம்களின் வடிவத்தையே ஒளிக்கோடுகளாகக் காட்டின. காலை ஓட்டத்தை என்னால் விட முடியாது. ஆனால் கடிகாரத்தில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுத்தான் ஓடுகிறேன். படங்களையும் வீடு திரும்பிய பிறகே போடுகிறேன்.

லீவு அனுமதி வாங்கும்போதே போகிற ஊர், தங்கும் இடம் எல்லாவற்றையும் யூனிட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். சொந்தப் பயணத்தில் நாம் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாதாரணப் பயணிதான். போலீஸ் பிடித்துவைத்தால், நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963 வியன்னா ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது. விசா படிவத்திலும் குடிவரவு அதிகாரியிடமும் தொழிலை மறைக்கவே கூடாது. வழியில் கேட்பவர்களுக்கு மட்டும் "அரசாங்க வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பையனிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பா பட்டாளத்தில் இருக்கிறார் என்பது அவனுக்கு அத்தனை பெருமை. பொய் சொல்லச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. "உனக்குத் தெரிந்தவர்களிடம் மட்டும் சொல்லுடா" என்றேன். போன பயணத்தில் டாக்சி ஓட்டுநர் அவனிடம், "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம், "அப்பாவுக்கு ரொம்பச் சீக்கிரம் எழுந்திருக்கிற வேலை" என்றான்.