14,000 ரூபாயும் ஆறு மாதத் தாய்ப்பாலும்

திருப்பூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், பனியன் கம்பெனிகளிடம் வேலை வாங்கிச் செய்யும் சிறிய யூனிட்டில் துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்துகொண்டிருந்தபோது நான் முதல் முறையாகக் கருவுற்றேன். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவுள்ள கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் 26 வாரங்கள் சம்பளத்துக்கு ஈடான பணம் கிடைக்கும். எங்கள் யூனிட்டில் அந்தப் பதிவு கிடையாது. சனிக்கிழமை இரவு கையில் வாங்கும் கூலியோடு அந்த வாரத்தின் கணக்கு முடிந்துவிடும். ஆகவே, எனக்கு இருந்த ஒரே பிடிமானம் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்தான். அந்தப் பணத்தை எப்படி வாங்கினேன், அது என் மகளின் தாய்ப்பாலுக்கு எவ்வளவு தூரம் துணை வந்தது, எந்த இடத்தில் அது போதவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

2006-இல் 6,000 ரூபாயாகவும் 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட இந்த உதவி, நான் வாங்கிய காலத்தில் 18,000 ரூபாயாக இருந்தது. அதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மீதி 4,000 ரூபாய்க்கு நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஊட்டச்சத்து மாவு முதலியவை அடங்கிய இரண்டு பெட்டகங்கள் தருவார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால் 2,000, நான்காம் மாதம் கடந்தபின் 2,000, அரசு மருத்துவமனையில் பிரசவமானால் 4,000, குழந்தைக்கு மூன்றாம் தவணைத் தடுப்பூசி போட்டபின் 4,000, ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் 2,000 என்று ஐந்து தவணைகளாக அது பிரிக்கப்பட்டிருந்தது. தவணை முறையைப் பின்னாளில் மாற்றிவிட்டார்கள் என்பதால், இப்போது விண்ணப்பிப்பவர்கள் தங்கள் செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எட்டாவது வாரத்திலேயே நான் பதிவு செய்துவிட்டேன். ஆயினும் முதல் தவணை வரவில்லை. ஆதார் அட்டையில் என் முதலெழுத்து அப்பாவின் பெயரிலும், வங்கிப் பாஸ்புத்தகத்தில் வீட்டுக்காரரின் பெயரிலும் இருந்தது. இந்த ஓர் எழுத்துக்காக நான்கு முறை வங்கிக்கும் மூன்று முறை சுகாதார நிலையத்துக்கும் நடந்தேன்; ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் கூலி போயிற்று. ஐந்தாம் மாதம்தான் இரண்டு தவணைகளும் சேர்ந்து 4,000 ரூபாயாக வந்தன. அதைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமாக மகள் பிறந்தாள். அரை மணி நேரத்துக்குள் அவளை என் நெஞ்சின்மேல் போட்டார்கள். முதல் நாள் சீம்பால் சில சொட்டுகளே வந்தன. இரவு முழுவதும் அவள் அழுதாள். என்னுடன் இருந்த அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, மனம் பொறுக்கவில்லை. "பாலு பத்தலையாட்ட இருக்குதுங்க நர்ஸம்மா, துளி சக்கரத் தண்ணி தொட்டு வெச்சா என்னங்க ஆயிரும்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு இப்படி இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்; அவர் அன்பினால்தான் கேட்டார். இரவுப் பணியிலிருந்த அந்தச் செவிலியர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "பொறந்த புள்ளைக்கு வயிறு நெல்லிக்கா அளவுகூட இருக்காதுங்க பாட்டிம்மா. இந்தச் சொட்டே அதுக்குப் போதும். சக்கரத் தண்ணி குடுத்தா வயிறு ரொம்பித் தூங்கிரும், மார்ல வாய் வெக்காது. வாய் வெக்காட்டி பால் எப்படிங்க சுரக்கும்?" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் அமர்ந்து குழந்தையைத் தூக்கித் திருப்பினார்.

அதுவரை நான் காம்பை மட்டுமே அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கரிய பகுதியும் பெரும்பாலும் உள்ளே போகுமாறு, குழந்தையின் முகவாய் மார்பில் பதியும்படி அணைக்க வேண்டும் என்பதை அவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது முயற்சியில் வலி குறைந்தது. அவள் விழுங்கும் ஓசை கேட்டது. இந்தப் பத்து நிமிடம் கிடைக்காதிருந்தால், எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் நான் ஒரு வாரத்தில் டப்பாப் பாலுக்குப் போயிருப்பேன் என்று உறுதியாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தபின் பால் போதவில்லையோ என்ற பயம் எழும்போதெல்லாம், ஒரு நாளைக்கு ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழிக்கிறாளா, எடை ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார் எங்கள் ஊர்ச் செவிலியர். அத்தை பூண்டும் கருப்பட்டியும் வெந்தயக் களியும் செய்து கொடுத்தார். உடம்புக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் பால் ஊறியது குழந்தை அடிக்கடி குடித்ததால்தான், அதிலும் இரவில் விடாமல் கொடுத்ததால்தான் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்றாம் மாதம் முடியும்போது யூனிட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆர்டர் நெருக்குகிறது, ஒன்றரை ஷிப்டு பார்க்க ஆள் வேண்டும், இந்த வாரம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். "புள்ளைக்கு டப்பாப் பால் வாங்கிக் குடுத்துட்டு வாம்மா, எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க" என்று மேற்பார்வையாளர் சொன்னது உண்மைதான். எங்கள் வரிசையில் பெரும்பாலான பெண்கள் அப்படித்தான் திரும்பியிருந்தார்கள். அன்றிரவு நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் கூலி வாரத்துக்கு 2,300 ரூபாய் அளவில் வரும். அப்படியானால் 14,000 ரூபாய் என்பது ஆறு வாரக் கூலி. ஆறு மாதக் கூலி அல்ல. ஆனாலும் சேர்த்து வைத்த 4,000 இருந்தது, பிரசவத் தவணை 4,000 தாமதமாகியேனும் வந்திருந்தது, பதினான்காவது வாரத் தடுப்பூசி போட்டுவிட்டால் இன்னும் 4,000 வரும். டப்பாப் பாலுக்கு ஆகும் செலவையும் கழித்துப் பார்த்தால், மூன்று மாதத்தைச் சிக்கனமாகத் தள்ளிவிட முடியும் என்று தெரிந்தது. குறைந்த பணத்தை என் நங்கையா (அண்ணி) கைமாற்றாகக் கொடுத்தார். நான் போகவில்லை. யூனிட்டில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பணம் தாய்ப்பாலுக்கென்று பெயர் சொல்லிக் கொடுக்கப்படுவது அன்று என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். அப்போது பதிவுக்கும் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும்தான் தவணை இருந்தது. பால் கொடுத்தாயா என்று யாரும் சான்று கேட்பதில்லை. தாய்ப்பாலுக்கென்றே பணம் கொடுத்துப் பார்த்த நாடும் உண்டு என்பதை நான் பின்னர் படித்து அறிந்தேன். இங்கிலாந்தில், ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல், தாய்ப்பால் கொடுப்போர் குறைவாக உள்ள பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, குழந்தை பிறந்த இரண்டாம் நாள், பத்தாம் நாள், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் ஆகிய நிலைகளில் 40 பவுண்டு வீதம் மொத்தம் 200 பவுண்டுக்குக் கடைகளில் பயன்படுத்தும் கூப்பன்களைக் கொடுத்தார்கள். தாய்ப்பால் கொடுப்பதாகத் தாய் எழுதிக் கையொப்பமிட, சுகாதாரப் பணியாளரும் கையொப்பமிட வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வில், ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் கூப்பன் கொடுத்த பகுதிகளில் 37.9 விழுக்காடாகவும், கொடுக்காத பகுதிகளில் 31.7 விழுக்காடாகவும் இருந்தார்கள். தாய்ப்பாலை மட்டுமே கொடுப்பதில் உறுதியான வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

அந்த ஏற்றத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. நூற்றில் ஆறு குழந்தைகள் என்பது எங்கள் ஊர் அங்கன்வாடியில் உட்கார்ந்து பார்த்தால் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லைன் வீட்டின் கடைசி வாசலில் இருந்த பெண்தான் நினைவுக்கு வந்தாள். அவளுடைய குழந்தை குறைமாதத்தில் பிறந்து, இரண்டு வாரத்துக்குமேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அவள் தன் பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கொடுத்துப் பார்த்தாள்; காய்ச்சலும் மார்க்கட்டும் வந்து, கடைசியில் மருத்துவர் சொன்னபடியே பவுடர் பாலுக்கு மாறினாள். அதற்காக அவள் அழுதது எங்கள் வாசல்வரை கேட்டது. பால் கொடுத்தால்தான் பணம் என்று இருந்திருந்தால், அந்த அழுகையோடு 4,000 ரூபாயும் அவளுக்குப் போயிருக்கும். பால் டப்பா வாங்க வேண்டிய அவளுக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டது. தடுப்பூசிக்குத் தவணை என்று இருந்ததால் அவளும் வாங்கினாள், நானும் வாங்கினேன்.

ஆகவே தாய்ப்பாலைப் பரிசுக்குரிய செயலாக்கிச் சான்று கேட்பதைவிட, கூலி இழக்கும் தாய்க்கு ஆறு மாதக் கூலியைக் கொடுத்துவிட்டு, பால் கொடுக்கும் முறையைக் கற்றுத்தரும் செவிலியர்களைக் கூட்டுவதுதான் சரி என்பது என் கருத்து. இ.எஸ்.ஐ. உள்ள பெண்ணுக்கு 26 வாரம் என்று சட்டம் வைத்திருப்பதே குழந்தைக்கு ஆறு மாதம் தாய் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டதால்தானே? அதே துணியைப் பக்கத்துச் சந்தில் சோதித்துக் கொடுக்கும் பெண்ணின் குழந்தைக்கு மட்டும் ஆறு வாரம் போதும் என்று எப்படி ஆகும்?

மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும், ஒரு ஷிப்டு மட்டும் பார்ப்பேன் என்று சொல்லி வேறொரு யூனிட்டில் சேர்ந்தேன். காலையில் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போன பாலை நான்கு மணி நேரத்துக்குள் பாலாடைச் சங்கில் கொடுத்துவிடுவார் அத்தை. மதியம் மாமா தம் மொபெட்டில் அத்தையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு யூனிட் வாசலுக்கே வந்துவிடுவார். துணிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பால் கொடுப்பேன். கடைசித் தவணை 2,000 ரூபாய் அவளுக்கு ஒரு வயது முடிந்தபின் வந்தது. அதை நங்கையாவின் கைமாற்றுக்குக் கொடுத்துக் கடனை அடைத்தேன்.

சென்ற மாதம் எங்கள் மேசையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தான் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். ஆதாரையும் பாஸ்புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலெழுத்து வேறாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவளை வங்கிக்கு அழைத்துப் போனேன்.