டெக் போட்ட கதை: மரத்தைக் கேட்டார்கள், ஸ்க்ரூவை யாரும் கேட்கவில்லை

தோட்டத்து டெக், அதாவது மரப்பலகைத் தளம், ஒருவழியாக முடிந்துவிட்டது. எரிச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை, அதனால் எழுத்தில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழி தோண்டியது, கான்கிரீட் போட்டது, 3-4-5 முக்கோணக் கணக்கில் மூலைமட்டம் பார்த்தது, கால்களைக் கான்கிரீட்டில் படாமல் இரும்புத் தாங்கியில் நிறுத்தியது எல்லாம் சொன்னபடி நடந்தன. டெக்கை வீட்டுச் சுவரோடு கோக்காமல் தனியாகவே நிறுத்திக்கொண்டோம். சுவருக்குள் தண்ணீர் இறங்குமோ என்ற கவலை அதோடு போயிற்று.

தொல்லை பலகை வந்த அன்று ஆரம்பித்தது. அடிச்சட்டத்துக்கு மருந்து ஏற்றிய பைன், மேல்தளத்துக்குக் கடினமரம் என்று பேச்சு. மேல்பலகை நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். தூக்கிப் பார்த்தால் கனம் வேறு மாதிரி இருந்தது. ஈரப்பத மீட்டரை வைத்தேன், மேற்பரப்பில் நல்ல எண்தான் காட்டியது. கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "மரம்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும் சார், ரெண்டு வெயில் பட்டா சரியாயிடும்" என்றார். ஒரு பலகையை நடுவில் அறுக்கச் சொல்லி, புதிதாக வெட்டிய முகத்தில் மீட்டரின் ஊசியைக் குத்தினேன். 28 சதவீதம்! வெளியில் போடும் மரம் 19-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் பேச்சே இல்லை, வண்டி திரும்பிப் போய் வேறு சரக்கு வந்தது. இந்த ஒரு வெற்றியை நினைத்து இன்றும் சந்தோஷப்படுகிறேன். நீங்களும் மேலே மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

காய்ந்த பலகை வந்ததும் அடுத்த தகராறு. இடைவெளியே விடாமல் நெருக்கிப் போட்டால்தான் பார்வையாக இருக்கும் என்று தச்சர் அடம்பிடித்தார். ஈரம் பட்டால் பலகை உப்பும், போக இடம் இல்லையென்றால் நடுவில் தூக்கிக்கொள்ளும். 5 மி.மீ. தடிமனில் ஒரு துண்டைக் கையில் கொடுத்து, இதை வைத்து வைத்துத்தான் போட வேண்டும் என்றேன். முனகிக்கொண்டே போட்டார். அடிச்சட்டத்துப் பைனை அறுத்த முனைகளில் மருந்து தடவச் சொன்னபோதும் அதே முனகல். தொழிற்சாலையில் ஏற்றும் மருந்து பெரும்பாலும் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். அறுத்தால் மருந்து ஏறாத உள்மரம் வெளியே வரும், செல்லரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த இடத்தில், ஸ்க்ரூவில் தச்சரின் ஆட்கள் கையை வைத்துவிட்டார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பாதித் தளம் அப்படித்தான் போட்டார்கள். சரக்கு தீர்ந்ததும் கேட்காமல் கொள்ளாமல் மஞ்சள் பூச்சு போட்ட சாதாரண ஸ்க்ரூவை முடுக்கிவிட்டார்கள். முதல் மழை பெய்தது. அந்தப் பாதியில் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் கன்னத்தில் மை வழிந்த மாதிரி கறுப்பு. "மரத்தோட சாயம் சார், சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று பதில் வந்தது. சோப்புக்கு எங்கே போகும்? கடினமரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை அது. அந்தக் காலத்து எழுதும் மையையே இப்படித்தான் தயாரித்தார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்போது வரும் மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது, அது சாதாரண ஸ்க்ரூவை வேகமாக அரித்துவிடும். மேலே தலை பளபளவென்று இருக்கும், கீழே உடம்பு கரைந்துகொண்டிருக்கும்.

பெட்டியில் ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். 304, 316 ரகங்களில் அது ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். பட்டென்று ஒட்டினால் சாதாரண இரும்பாக இருக்கலாம், இல்லையென்றால் 410 போன்ற ரகம். 410-உம் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் மழையில் கிடக்க அது லாயக்கில்லை.

நல்ல வேளை, கடைசித் தவணைப் பணம் என் கையில் இருந்தது. ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் கணக்கு முடிப்பேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அது மட்டும் இல்லையென்றால் போனையே எடுத்திருக்க மாட்டார்கள். வாக்குவாதம் எல்லாம் முடிந்து ஸ்க்ரூவை மாற்றிக் கொடுத்தார்கள். கறைக்கு ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தேன், கண்முன்னே வெளுத்தது. விஷம் அது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பழைய ஸ்க்ரூவை எடுக்காமல் கறையை மட்டும் போக்கினால் அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிடும்.

பராமரிப்பு இதைவிடச் சுலபம். பளபளப்பான வார்னிஷை விற்கத்தான் எல்லோரும் வருவார்கள், வாங்காதீர்கள். மேலே படலமாக நிற்பது வெயிலில் உரியும், மறுபடி பூச முழுவதையும் சுரண்ட வேண்டும். உள்ளே இறங்கும் எண்ணெய் போதும். எப்போது பூசுவது என்று தெரிய நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடுங்கள், உறிஞ்சினால் எண்ணெய்க்கு நேரம் வந்துவிட்டது. ஆளிவிதை எண்ணெய் கலந்ததாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். பாசிக்கு பிரஷ்ஷே போதும், பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் மரம் நார் நாராகக் கிளம்பிவிடும்.

படிக்கட்டுப் பக்கம் கழற்றும்போது சில ஸ்க்ரூக்களின் தலை முறிந்து, உடம்பு சட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. பக்கத்தில் புதிதாகத் துளை போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அங்கே மட்டும் இன்னும் லேசாகக் கறுப்பு எட்டிப் பார்க்கிறது. அடுத்த முறை எண்ணெய் பூசும்போது அந்த வரிசைப் பலகையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.