பாபநாசம் அணை 112 அடி, பெரியப்பா

சித்திரையில் ஒரு முடிவு எடுத்தேன். காலை வணக்கப் படம் எதையும் இனி யாருக்கும் தள்ளிவிடுவதில்லை. ரோஜாப்பூ, ஆவி பறக்கும் டீ கிளாஸ், தவழும் கண்ணன், கீழே நாலு வரித் தத்துவம், எதுவும் கிடையாது. வேண்டிய ஆட்களுக்கு நானே உட்கார்ந்து ஒன்றிரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு அனுப்பக் கூடாது. படம் வேண்டுமென்றால் அன்றைக்கு நானே எடுத்ததாக இருக்க வேண்டும். இப்போது ஐப்பசி. எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று எழுதி வைக்கலாமென்று தோன்றியது.

அந்தப் படங்களை அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நினைப்பு இருப்பதால்தானே அனுப்புகிறார்கள். ஆனாலும் அதற்கும் ஒரு அளவு உண்டு. இந்தியாவில் போன்கள் ஏன் இப்படி நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள் ஆட்கள் ஆராய்ந்தபோது, காலை வணக்கப் படங்கள் பெரிய காரணமாக அகப்பட்டன என்று 2018 ஜனவரியில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. அதே வருஷம் ஜூலையில் வாட்ஸப்பில் 'ஃபார்வர்டு' என்ற முத்திரை வந்தது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தது. அந்த முத்திரை எனக்கு நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் ஒரு செய்தி வந்தால், நமக்கென்று எழுதியது என்று வாங்குகிறவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

முதல் மாதம் எழுதியதெல்லாம் வாழ்த்துதான். 'இன்றைய பொழுது நல்லபடியாக அமையட்டும்', 'மனசு லேசாக இருக்கட்டும்' என்று நானே யோசித்து எழுதியதுதான், எங்கிருந்தும் எடுத்ததில்லை. எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது, கும்பிடும் கை. பெரியப்பா மட்டும் இரண்டு கும்பிடு போடுவார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. வாழ்த்துக்கு வாழ்த்தைத் தவிர வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

வழி கிடைத்தது அப்பாவின் பழைய இன்லண்ட் கடிதங்களில். பம்பாயிலிருந்த பெரியப்பாவுக்கு எழுதி, ஏதோ காரணத்தால் தபாலில் சேர்க்காமல் விட்டவை சில டிரங்குப் பெட்டியில் கிடந்தன. 'இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று நலம் விசாரிப்பு முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் முழுக்கச் சங்கதிதான். செவலைப் பசு கன்று போட்டது, கோரை விலை, யார் வீட்டில் நிச்சயதாம்பூலம், பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் காணுமா காணாதா என்பது வரை இருக்கிறது. மடிக்கிற ஓரத்தில் கூடச் சாய்த்துச் சாய்த்து எழுதியிருக்கிறார். வாழ்த்துச் செய்தியைச் சங்கதியாக எழுதினால் என்ன என்று அப்போதுதான் பட்டது.

ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தார்கள். எங்கள் ஊர் பத்தமடை. கன்னடியன் கால்வாய்தான் எங்களுக்கு எல்லாம். மறுநாள் விடியக்காலம் வாய்க்காலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெரியப்பாவுக்கு இப்படி எழுதினேன்: 'பெரியப்பா, ராத்திரி வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு. இன்னும் கலங்கல்தான். கீழ ரெண்டு படி முங்கிட்டு.' கும்பிடு வரவில்லை. நேரே போனே வந்துவிட்டது. எந்தப் படித்துறை, அரசமரத்துப் பக்கமா, முக்குப் படித்துறையா? படியில் அந்த உடைந்த கல் இன்னும் இருக்கா? மடையை இப்போ யார் பார்க்கிறது? எண்பது வயதை நெருங்கும் மனுஷர். அறுபது வருஷமாகத் தாராவியில் இருக்கிறார், வாய்க்கால் படியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

அன்றிலிருந்து அவருக்கு அணை மட்டம்தான் காலை வணக்கம். பேப்பரில் வருவதைப் பார்த்து எழுதுகிறேன். பாபநாசம் மொத்தம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இதை நான் சொல்லாவிட்டாலும் அவருக்கு மனப்பாடம். 'பாபநாசம் 112, பெரியப்பா. நேத்தைக்கு ரெண்டு கூடுதல்' என்று போட்டால் போதும், அவருடைய பொழுது விடிந்துவிடும். அவர் பம்பாய்க்கு ரயில் ஏறியபோது பொதிகை மலையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை தாமிரபரணி ஆறு முழுக்க ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. அவர் கணக்கில் எதுவும் பிரியவில்லை. குற்றாலத்தில் சாரல் என்றால் 'நம்ம ஜில்லாவுல மழை' என்றுதான் சொல்வார்.

வெறும் எண்ணில் என்ன அன்பு இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். தாமிரபரணி வெள்ளத்தில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, அனுப்பியது எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. வெளியூரில் இருந்தவர்கள் டிவியில் வண்ணார்பேட்டையையும் ஸ்ரீவைகுண்டத்தையும் பார்த்துப் பார்த்துத் தவித்தார்கள். சார்ஜ் போட வழி கிடைத்ததும் பெரியப்பாவுக்கு நான் அனுப்பியது 'இருக்கோம்' என்ற ஒரு சொல்தான். ஆற்றின் நிலவரம் தெரிந்தால் நம் நிலவரம் தெரிந்த மாதிரி அவருக்கு. அதனால் அந்த எண்ணை அலங்காரம் பண்ணாமல் அப்படியே அனுப்புகிறேன்.

தம்பி தம்மாமில் இருக்கிறான். அவனுக்கு எழுதுவது சுலபம், அனுப்புகிற நேரம்தான் சிக்கல். நமக்கும் அங்கேயும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். நான் ஐந்தரைக்கு எழுந்த உற்சாகத்தில் அனுப்பினால் அங்கே மூன்று மணி, ஷிப்ட் முடித்துப் படுத்த ஆளின் தலைமாட்டில் போன் 'டிங்' என்னும். அதனால் வாட்ஸப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதே, அதில் எழுதி வைத்துக்கொண்டு எட்டரைக்கு எடுத்து அனுப்புகிறேன். இதில் ஒரு லாபமும் உண்டு. விடிகாலையில் பிரமாதமாகத் தோன்றியது எட்டரைக்குப் படித்தால் பாதி அசடு வழியும், வெட்டிவிடலாம். அவனுக்குச் சாப்பாட்டுச் சங்கதி எழுதக் கூடாது என்பது தானாகத் தெரிந்தது. 'இன்னைக்கு சொதி, இஞ்சித் தொவையல்' என்று எழுதிய அன்று அவனிடமிருந்து சத்தமே இல்லை.

வீரவநல்லூர் அத்தைக்குக் கண் சரியில்லை, எழுத்து வேலைக்காகாது. குரல் பதிவுதான். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் ரேடியோ அறிவிப்பு மாதிரி இருந்தது. திண்ணைக்கு வந்து பேசினேன். எதிர்வீட்டில் விடியுமுன்பே பாய் முடைய உட்கார்ந்துவிடுவார்கள். தறியில் அச்சு அடிக்கும் சத்தம், பால்காரர் மணி, காக்கா எல்லாம் சேர்ந்து விழுந்தது. 'அத்தே, எந்திச்சாச்சா? முட்டுவலி எப்படி இருக்கு? தைலம் தேய்ச்சியளா?' அரை நிமிஷம்தான். அத்தைக்கு முட்டுவலியைக் காட்டிலும் தறிச் சத்தம் பிடித்துப்போயிற்று. 'இன்னைக்கு அது கேக்கலையே, அவ ஒடம்புக்கு என்னவாம்?' என்று எதிர்வீட்டுக்காரியை விசாரிக்கிறாள். பதிலுக்கு அவள் அனுப்பும் பதிவுகள் நீளமானவை. மருமகளைப் பற்றிய பகுதி வந்தால் வேகத்தை இரண்டு மடங்காக வைத்துக் கேட்கிறேன். கடவுள் மன்னிப்பாராக.

அத்தையிடம் பலித்தது மகளிடம் பலிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். 'சாப்பிட்டியா, தூங்கினியா, குளிச்சியா' என்று எழுதினால் 'ம்' என்று வரும். ஒருநாள் நேராகவே சொன்னாள்: 'எம்மா, நீ கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணும்லா? எட்டு மணிக்கு எனக்கு லேப்.' யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். காலையில் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவள் தலையில் ஏற்றுகிற ஒரு வேலை. அத்தையை அன்றைக்குப் பூராவும் கேள்வி கேட்க ஆளில்லை, அவளுக்குக் கேள்வி வேண்டும். மகளுக்குக் கேள்விக்குறியே ஆகாது. இப்போது அவளுக்கு எழுதுவது இந்த மாதிரி: 'உன் சைக்கிள் கூடைக்குள்ள பூனை மூணு குட்டி போட்டிருக்கு. ஒண்ணுக்கு வால் நுனி மட்டும் வெள்ளை. பதில் போட வேண்டாம், லேபுக்குப் போ.' பதில் போட வேண்டாம் என்று எழுதிய அன்றுதான் ஏழு பதில் வந்தது, படம் கேட்டு.

சென்னை மயினி (அண்ணி) விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆனி மாசத்து வெயிலில் காயும் சென்னைக்காரருக்கு 'இங்க காலைல இருந்தே சாரல், மயினி' என்று எழுதக் கூடாது. 'வயித்தெரிச்சலைக் கிளப்பத்தான் விடியுதா ஒனக்கு' என்று வந்தது. மார்கழியில் அவர் கோலம் அனுப்பட்டும், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்கிறேன்.

ஆவணியில் ஆழ்வார்குறிச்சிச் சித்தப்பா காலமானார். சித்திக்கு என்ன எழுதுவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். பதினாறு முடியும்வரை ஒன்றும் அனுப்பவில்லை, நேரில் போய் வந்ததோடு சரி. துக்க வீட்டுக்குக் காலை வணக்கம் சொல்வது நம் பக்கத்துப் பழக்கமில்லை. குடும்பக் குழுவில் ஒருவர் வழக்கம்போல் பூப்படம் போட்டு, அது சித்தி கண்ணிலும் பட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு கழிந்து கூட்டமெல்லாம் கிளம்பிப் போன பிறகு வருகிற காலைகள்தான் கஷ்டம். காப்பி போட ஒரு டம்ளர்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது எழுத ஆரம்பித்தேன். 'தைரியமாக இருங்கள்', 'காலம் ஆற்றும்' போன்றவை எழுதி எழுதி அழித்துவிட்டேன். கடைசியில் அனுப்பியது: 'சித்தி, போன வருசம் சித்தப்பா கொண்டாந்து நட்ட முருங்கை பூத்திருக்கு. அவ்வோ கம்பு ஊனிக் கட்டின கயிறு இன்னும் அப்படியே இருக்கு, அவிழ்க்கல.' சாயங்காலம் பதில் வந்தது: 'கயிறு இறுகிரும். தளர்த்திக் கட்டு.' தளர்த்திக் கட்டிப் படம் எடுத்து மறுநாள் அனுப்பினேன். இப்போது முருங்கை வழியாகத்தான் பேச்சு ஓடுகிறது. கம்பளிப்பூச்சி வரும், வேப்பெண்ணெய் தெளி என்கிறார். போனவரின் பெயரைச் சொல்லக் கூசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சித்திக்கு அந்தப் பெயர் காதில் விழ வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

எடுபடாதவை: ஜோக், ராசிபலன், உடம்புக்கு நல்லது என்று தொடங்கும் எதுவும், மூன்று வரிக்கு மேல் போகும் எதுவும். போன வருஷம் இதே நாள் என்று பழைய படத்தை எடுத்துப் போடுவதும் அவ்வளவாகப் பலிக்கவில்லை, ஆள் அந்தப் படத்தில் தான் எப்படி இருக்கிறோம் என்றுதான் பார்க்கிறார். தட்டச்சுக்குப் பதில், பேசினால் அதுவே எழுதும் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தேன். செய்தி வாசிக்கிற தமிழ் அதற்கு நன்றாகப் புரிகிறது. 'வந்துட்டு', 'அவ்வோ', 'மயினி' எல்லாம் சொன்னால் தடுமாறி எதையாவது போடுகிறது. கையால் அடிக்கிறேன், நேரம் ஆனாலும் பேச்சு என் பேச்சாக இருக்கிறது.

தினசரி எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. சங்கதி இல்லாத நாளில் சங்கதி தேடிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதாகிறது. இரண்டு நாள் விட்டாலோ பெரியப்பா, வீட்டில் யாருக்கும் முடியவில்லையா என்று போன் பண்ணிவிடுகிறார். ஆகவே முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: அவருக்குத் தினமும் அணை மட்டம் மட்டும், மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டோ மூன்றோ நாள், சித்திக்கு முருங்கை என்ன சொல்கிறதோ அப்போது. தம்பி ஒருபடி மேலே போய், 'அக்கா, ரூம்ல அம்பை பையன் ஒருத்தன், சேரன்மாதேவி பையன் ஒருத்தன், அணை மட்டம் எங்களுக்கும் போடு' என்கிறான். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புவதில்லை என்ற விதி அங்கே உடைகிறது. அதனால் அவனுக்கு மணிமுத்தாறு கணக்கை முதலில் போட்டுத் தனியாக எழுதுகிறேன்.

பிசானத்துக்கு நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, வடகிழக்கு மழையும் இறங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு இப்போது அணை மட்டம் போதவில்லை. மலை மேலுள்ள மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து நாலுக்கும் மழை அளவு தனித்தனியாக வேண்டுமாம். பேப்பர் வரும்போது ஏழாகிவிடுகிறது. அவருக்கு ஏழேகால், தம்பிக்கு எட்டரை என்று வைத்திருக்கிறேன்.