கோத்தகிரியிலிருந்து இன்ஸ்பயர் உதவித்தொகை வரை

கோத்தகிரிக்கு அருகே சிறு தேயிலைத் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் படித்து, உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியில் இளநிலை இயற்பியல் சேர்ந்தேன். உதவித்தொகை எப்படிக் கிடைத்தது என்று ஊரில் பிளஸ் டூ படிக்கும் தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் கடந்து வந்த வழியை எழுதுகிறேன்.

எந்தப் படிப்பில் சேர்கிறோமோ அதுவே எந்த உதவி கிடைக்கும் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பொறியியலில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு; அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். உறவினர்கள் அனைவரும் அதையே வலியுறுத்தினார்கள். ஆனால் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவை ஒட்டி 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்ததிலிருந்து என் மனம் இயற்பியலில்தான் இருந்தது. அதற்குப் பொருந்தி வந்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடங்களில் பட்டப்படிப்பு சேர்வோருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்பது அதன் அளவு. அதில் 60,000 மாணவர் கைக்கும், 20,000 கோடை விடுமுறையில் செய்யும் ஆய்வுப் பயிற்சிக்கும் உரியது. குடும்ப வருமான வரம்பு கிடையாது. பொறியியலும் மருத்துவமும் இதில் சேராது.

இன்ஸ்பயர் முடிவு வரப் பல மாதங்கள் ஆகும் என்று எங்கள் பேராசிரியர் எச்சரித்ததால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தேன். தம் பாடப்பிரிவில் தேர்வெழுதியோரில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மிகாதிருந்தால், இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுவோருக்கு இது கிடையாது என்பதால், இன்ஸ்பயர் உறுதியானதும் இதை விட்டுக்கொடுத்தேன்.

இதற்கு வருமானச் சான்றிதழ் தேவை. பச்சைத் தேயிலையின் விலை மாதத்துக்கு மாதம் மாறும்போது ஆண்டு வருமானம் என்று எதை எழுதுவது என அப்பா மிகவும் தயங்கினார். தொழிற்சாலை கொடுத்த இலை ரசீதுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, இ-சேவை மையத்தில் பதிவு செய்த பிறகு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்ந்தது. தேர்வு முடிவுக்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது; முடிவு வந்தபின் இ-சேவை மையங்களில் நிற்கவும் இடமிருக்காது.

எல்லாவற்றையும்விட அதிக நாள் இழுத்தது என் பெயர்தான். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக என் பெயருக்குப் பின்னால் இருந்தது. நம் மாநிலத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நிலைதான். கல்லூரி அலுவலக உதவியாளர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிக் காட்டி, ஆதாரைச் சான்றிதழின்படி திருத்தி வரச் சொன்னார். பிறகு வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது; அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் எந்தக் கணக்குக்கு வர வேண்டுமோ அந்தக் கணக்கு தேசியப் பணக்கொடுப்புக் கழகத்தின் (NPCI) பட்டியலில் தனியாக ஏற வேண்டும். அதற்கான படிவம் வங்கியிலேயே கிடைக்கிறது. கேட்டு வாங்கி எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்ஸ்பயர் விண்ணப்பத்துடன் கல்லூரி முதல்வர் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஒப்புதல் படிவத்தை இணைக்க வேண்டும். மழையில் இணைய இணைப்பு அடிக்கடி போய்விடும் எங்கள் ஊரில் கடைசி நாள்வரை காத்திருக்கவே கூடாது. ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் பட்டியலை அனுப்பினால்தான் அடுத்த ஆண்டுத் தொகை வரும்.

பணம் வரும் காலத்தையும் சொல்ல வேண்டும். முதல் தொகை என் கணக்கில் ஏறியபோது இரண்டாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. அதுவரை விடுதிக் கட்டணமும் புத்தகச் செலவும் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனில்தான் நடந்தன. தொகை வந்ததும் முதலில் அந்தக் கடனைத்தான் அடைத்தோம். இன்ஸ்பயருக்கு விண்ணப்பிப்பவர்கள் முதல் ஆண்டுச் செலவுக்கு இப்படி ஓர் ஏற்பாட்டைச் சேர்க்கைக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.