ஒன்பது மரம் மிச்சம்

2018 நவம்பர் 16 விடிந்தபோது தோப்புக்குப் போகிற வழியே தெரியவில்லை. பேராவூரணிப் பக்கம், கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் போட்டு அலுத்துப்போய் அப்பா தென்னைக்கு மாறினார். மொத்தம் 140 மரம். கஜா புயல் கடந்த பிறகு எண்ணினேன், ஒன்பது நின்றது. பல மரங்கள் வேரோடு சாயக்கூட இல்லை. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி நடுவில் முறுக்கி ஒடிந்து கிடந்தன. அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனோம். பாதி ஓடு பறந்திருந்தது. ஐயர் (எங்கள் சபையில் போதகரை இன்னும் அப்படித்தான் சொல்வோம்) பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். வெளியே வந்ததும்தான் வினை. "நேசிக்கிறவனைத்தான் கர்த்தர் சிட்சிப்பார்" என்றார் ஒருவர். பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுக்குக் கொடுத்த மாதிரி இரட்டிப்பாய்க் கொடுப்பார் என்றார் இன்னொருவர். அதுவரை கடனுக்கு வட்டி யார் கட்டுவது என்று கேட்க வாய் வரை வந்தது.

யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் என்பது என் கருத்து. வாயைத் திறந்த பிறகு கெடுத்துவிட்டார்கள். எனக்கு அப்படி வந்து உட்கார்ந்தவர் பக்கத்துத் தெருப் பெரியம்மா, மகனைப் பறிகொடுத்தவர். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் சாயங்காலம் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து திண்ணையில் வைப்பார். கொசுவை விரட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பார். "வரேன் தம்பி" என்று கிளம்பிவிடுவார். ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை.

நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், அதை அப்புறப்படுத்த 500. கணக்கெடுக்க வந்தவர்களோடு நோட்டும் கையுமாக நடந்தேன். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்து, பணமும் வந்தது. அறுக்கிற மெஷினுக்கும் ஜேசிபிக்கும் போய்விட்டது. மரத்தை அப்படியே போட்டுவைக்கவும் முடியாது. மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், பிறகு நிற்கிற ஒன்பதையும் தின்றுவிடும்.

ஒரு ராத்திரி என் மனைவி 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தாள். முதல் இரண்டு வசனத்திலேயே தாவீது நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட சங்கீதம்தான். ஆனால் கர்த்தரிடம் இப்படிச் சண்டை பிடிக்கலாம், அதுவும் ஜெபக் கணக்கில்தான் சேரும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கடைசி வசனத்தில் அவர் பாடுகிறார். எனக்குப் பாட்டு வரவில்லை. முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்திக்கொண்டேன், மாதக்கணக்கில்.

2019 மழைக்குக் குழி வெட்டினோம், மூன்றடிக்கு மூன்றடி. பாதிக்கு வாங்கி வந்த வீரிய ஒட்டு ரகக் கன்று (நெட்டையும் குட்டையும் கலந்தது, சீக்கிரம் காய்க்கும்). மீதிக்கு, நின்ற ஒன்பது மரத்து நெற்றை எடுத்து மணலில் பதித்துவைத்து, மறு வருஷம் நட்டது. இடையில் உளுந்தும் கடலையும் போட்டுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் கன்றுகளுக்கு வண்டு வந்தது. பதினொரு கன்று போயிற்று. விடிகாலையில் கொக்கிக் கம்பியைக் குருத்துக்குள் விட்டு, கருப்பாய் வழுவழுவென்று கொம்போடு இருக்கிற வண்டைக் குத்தி இழுக்க வேண்டும். ஒவ்வொன்றை இழுக்கும்போதும் "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று சத்தமாகவே சொல்வேன். பக்கத்துத் தோப்புக்காரர் ஏதோ மந்திரம் என்று நினைத்து, தன் தோப்புக்கும் வந்து சொல்லச் சொன்னார். உண்மையைச் சொன்னால், புயலுக்குப் பிறகு நான் ஒழுங்காக ஜெபித்தது அங்கேதான்.

வீரிய ஒட்டு காய்த்த வருஷம் முதல் குலையிலிருந்து மூன்று காயை, விளைச்சலைப் படைத்து ஏலம் விடுகிற ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோனேன். ஏலத்தில் பெரியம்மாதான் எடுத்தார். காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா மரத்துக் காய் இதைவிடப் பெருசா இருக்கும் தம்பி" என்றார்.

அப்பா மரத்துக் கன்றெல்லாம் நெட்டை ரகம், பெரியம்மா. அதற்கு இன்னும் நாள் ஆகும் என்றேன்.

"ஆகட்டும்" என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.