சென்னை வெயிலில் தெம்பே

தெம்பே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேகவைத்த சோயாவில் ஒரு பூஞ்சையை வளரவிட்டு, அது வெள்ளை வெளேரென்று நூல் விட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டியாகப் பிணைத்ததும் வெட்டிச் சமைப்பது. பிறந்த இடம் ஜாவா. அங்கே தெருவோரக் கடை முதல் கல்யாண வீடு வரை உண்டு. இங்கே பெரிய கடைகளின் ஃப்ரீசரில் கிடைக்கிறது, ஆனால் விலையைப் பார்த்தால் வாங்க மனசு வராது. அதனால் வீட்டிலேயே போட ஆரம்பித்தேன், இந்தக் கோடை முழுக்க அதே வேலைதான்.

ஸ்டார்ட்டர் பொடி ஆன்லைனில் வாங்கினேன். ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை அரிசி மாவில் கலந்து விற்கிறார்கள், பார்க்க லேசான சாம்பல் நிறம். ஜாவாவில் பழைய முறையில் பொடியே கிடையாது, பூவரசுக்கு உறவான ஒரு கடற்கரை மரத்தின் இலையில் வளர்த்துக் காயவைத்துக்கொள்வார்களாம். இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் பூனைமயிர் மாதிரியான சுணையில் பூஞ்சை நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அரைக் கிலோ சோயாவை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தண்ணீருக்குள்ளேயே கையால் பிசைந்தால் தோல் கழன்று மேலே மிதக்கும், உளுந்து களைவது போல வடித்து வடித்து எடுக்கவேண்டியதுதான். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். ஜாவாவில் கூடையில் போட்டுக் காலால் மிதித்துத் தோல் நீக்குவார்கள் என்று படித்தபோது அதன் நியாயம் புரிந்தது. தோல் இருந்தால் பூஞ்சை உள்ளே நுழையாது, அதனால் இதில் குறுக்குவழி கிடையாது. அப்புறம் முக்கால் மணி நேரம் வேகவைக்கவேண்டும். கடித்தால் பல் இறங்கவேண்டும், ஆனால் மசியக்கூடாது. வடித்து, அகலத் தாம்பாளத்தில் துணி விரித்துப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்த வேண்டும். மேலே தண்ணீர் நின்றால் பாக்டீரியா முந்திக்கொண்டு பருப்பு கொழகொழவென்று ஆகி நாற்றம் எடுத்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலப்பதும் இதற்காகத்தான், லேசான புளிப்பில் பூஞ்சை வளரும், மற்றது பின்வாங்கும். சூடு ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி பொடியைத் தூவிப் பிசறி, ஊசியால் வரிசையாக ஓட்டை போட்ட ஜிப் பையில் இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாக நிரப்பிவிடுவேன்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் பாதி, சூடு எப்படி ஏற்றுவது என்பதுதான். ஓவன் விளக்கைப் போடு, பெட்டிக்குள் பல்பு வை, இப்படி. பூஞ்சைக்கு வேண்டியது 30 முதல் 32 டிகிரி, மே மாதத்தில் நம் சமையலறை சும்மா இருக்கும்போதே அதைத் தாண்டும். நம் பிரச்சினை நேர் எதிர். முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும், அதற்குப் பிறகு பூஞ்சை தானாகவே சூடு கக்க ஆரம்பிக்கும். பையைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி. சமையல் தெர்மாமீட்டரைக் குத்தினால் அறை 33 இருக்க, உள்ளே 40 காட்டியது. அதற்கு மேல் போனால் பூஞ்சை தன் சூட்டிலேயே செத்துவிடும். ஆகவே பைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பி வலைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்து, சூடு ஏறும் நேரத்தில் ஹாலில் ஃபேனுக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறேன். அந்த நேரம் நடுராத்திரியில் வராதபடி சாயங்காலமே பையில் நிரப்பிவிட்டால், மறுநாள் காலையில் எழுந்ததும் இடம் மாற்றலாம். சாயங்காலத்துக்குள் பைக்குள் நீர் முத்துகள், பருப்புகளுக்கு இடையே பஞ்சு. கையில் எடுத்தால் வளையாமல் நிற்கவேண்டும், காளான் வாசனை அடிக்கவேண்டும், அதுதான் பதம்.

ஓட்டைகளுக்குப் பக்கத்தில் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி வந்தால் பயப்படவேண்டாம், காற்றுப் படும் இடத்தில் அதே பூஞ்சை வித்து விடுகிறது, அவ்வளவுதான். பச்சையோ ரோஸோ தெரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். அம்மாவுக்கு எந்த நிறமும் ஒன்றுதான். "பூசணம் பூத்ததைக் கொட்டாம வறுத்துத் திங்கிறியே, நல்லா இருக்குடா உன் கூத்து" என்றார்.

தேங்காயில் மட்டும் யாரும் விளையாட்டுக்குக்கூடப் போட்டுப் பார்க்காதீர்கள். மத்திய ஜாவாவில் எண்ணெய் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் தெம்பே போடும் வழக்கம் இருந்தது, பெயர் போங்க்ரெக். அதில் வேறொரு பாக்டீரியா புகுந்து சுரக்கும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஏகப்பட்ட பேர் செத்திருக்கிறார்கள், இந்தோனேசிய அரசு 1988இல் அதைத் தடையே செய்துவிட்டது.

சோயா கைவந்ததும் தட்டைப்பயறுக்கு மாறினேன். மிக்சியில் ஒரு சுற்று விட்டு இரண்டாக உடைத்து ஊறவைத்தால் தோல் சுலபமாகப் போய்விடுகிறது, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வெந்தால் போதும். கட்டி சோயா அளவுக்கு இறுகாது, ஆனால் சோயாவின் அந்தப் பச்சை வாடை துளியும் இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கொண்டைக்கடலையும் வந்தது, சுமார் ரகம்.

சமையலில் ஜாவாக்காரர்களின் பாச்செம் செய்முறையைப் படித்தபோது நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி விதை அரைத்து, புளி, பனைவெல்லம், தேங்காய்த் தண்ணீர் விட்டுத் தெம்பேத் துண்டுகளைச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் எண்ணெயில் போட்டு எடுப்பது. அங்கே பெரும்பாலும் தென்னையின் வெல்லம், நான் போட்டது கருப்பட்டி. நிறம் நன்றாகக் கறுத்து, ஓரம் லேசாகக் கருகி, தயிர்சாதத்துக்கு இதைவிடத் தொடுகறி வேண்டாம். அம்மாவும் பூசணத்தை மறந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். பனீருக்குப் பதிலாகக் கிரேவியில் போடச் சொல்லுகிறார்களே, அது எனக்கு ஒத்துவரவில்லை, கிரேவியில் தெம்பே தனியாக முறைத்துக்கொண்டு நிற்கிறது. வாழைக்காய் வறுவல் மசாலா தடவித் தோசைக்கல்லில் போடுங்கள், அது சரியாக வரும்.

சத்துக் கணக்கு கேட்பவர்களுக்கு: சோயாத் தெம்பே 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம், பனீரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் கொழுப்பு இதில் பாதி, நார்ச்சத்தும் உண்டு. ஊறி, வெந்து, பூஞ்சையும் வேலை பார்த்திருப்பதால் வாயுத் தொல்லை குறைகிறது, இது என் வயிறும் ஒத்துக்கொண்ட விஷயம். பி12 கிடைக்கும் என்று சிலர் அடித்துச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். இந்தப் பூஞ்சை அதைத் தயாரிப்பதில்லை, கூடவே வளரும் சில பாக்டீரியாதான் காரணம், சுத்தமாகச் செய்த தெம்பேயில் அது பெரிதாக இருக்காது.

போட்டதை அப்படியே வெளியே விட்டால் வளர்ந்துகொண்டே போய் அம்மோனியா நெடி வந்துவிடும். நான் பத்து நிமிஷம் இட்லிப் பானையில் ஆவி காட்டி, ஆறவைத்துத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். அடுத்து ஜிப் பையை விட்டுவிட்டு, வாட்டிய வாழையிலையில் மொச்சையைப் பொட்டலம் கட்டிப் பார்க்கப்போகிறேன்.